பூந்தாதும் பூஞ்சக்காளானும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் இருக்கிறது. நதி என்று பெயரே தவிர, வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணலைத்தான் தரிசிக்கலாம். சுற்றிலும் கரிசல் பூமி. வானம் பார்த்த வெள்ளாமை. கார்த்திகை மாதத்தில் இந்த வட்டாரத்தின்மேல் மேகம் கவிந்து நின்றுவிட்டால், தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வெயில் இல்லாவிட்டால் சரக்குக் காயாது. காயாத சரக்கு காசாகாது. கம்பும் சோளமும் விதைத்தவர்களுக்கோ மேகத்தைக் கண்டால் கொண்டாட்டந்தானே என்று நாம் நினைப்போம். பயிர் பூவெடுக்கும் வரையில் அது மெத்தச் சரி. கதிர் வெளிவந்து பூவெடுத்துவிட்டதோ, அந்த நிமிஷம் முதல் குடியானவரும் பட்டாசுக்காரரோடு சேர்ந்துகொண்டு, "வெயில் வராதா?" என்று வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

காரணம் இரண்டு. பூவின்மேல் மழை விழுந்தால் மகரந்தத் தூள் கழுவுண்டு போகும், மணி பிடிக்காது. இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். மற்றொன்று அவ்வளவு பிரசித்தமானதல்ல. மகரந்தம் வந்து சேர வேண்டிய வழியிலேயே ஒரு பூஞ்சக்காளான் வந்து புகுந்துகொள்ளும். அப்படிப் புகுந்துவிட்டால், மணி இருக்க வேண்டிய இடத்தில் விஷக் கட்டி இருக்கும். தேன் ஒழுகல் நோய் என்று விவசாய இலாகாவினர் இதற்குத் தமிழில் பெயர் சொல்லுகிறார்கள். எர்காட் என்பது மேல்நாட்டுப் பெயர். பெயரிலே தேன் இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

கரிசல் காட்டில் கம்பும் சோளமும் மனிதருக்காக மாத்திரம் விளைபவை அல்ல. கதிர் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. அறுப்பு முடிந்து நாத்தைக் கட்டுக் கட்டாக அடுக்கிப் படப்பு வைத்துவிட்டால், கோடை முழுவதும் உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் அதுதான் ஆகாரம். படப்பின் உயரத்தைப் பார்த்துக் குடும்பத்தின் அந்தஸ்தை மதித்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதே கரிசலில் மக்காச்சோளம் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் மாடு வைத்திருப்பவர் கம்பையும் சோளத்தையும் அடியோடு விட்டுவிடவில்லை. ஆகவே இந்தப் பூ விஷயம் அடுப்படியையும் தொடுகிறது, தொழுவத்தையும் தொடுகிறது.

கம்பு பூக்கிற தினுசே அலாதியானது. கதிர் ஒன்றில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கியிருக்கின்றன. இலையுறையை விட்டுக் கதிர் தலை நீட்டியதும் முதலில் வெளிவருவது மகரந்தமல்ல, பூவின் பெண் பாகமாகிய சூல்முடி. மெல்லிய இறகு போன்ற இந்தச் சூல்முடிகள் கதிரின் மேற்பாகத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி ஒவ்வொன்றாய்த் தோன்றும். அதே கதிரின் மகரந்தப் பைகள் எட்டிப் பார்ப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் செல்லும். அதாவது, பெண் பாகம் தயாராகி நிற்கும்போது சொந்த மகரந்தம் வெளிவந்திருக்கவில்லை. அயலிலுள்ள கதிரிலிருந்து காற்று கொண்டுவந்து கொடுக்கும் தாதுக்காக அது காத்திருக்க வேண்டும். ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் கூடாது என்று நம் பெரியவர்கள் வைத்த ஏற்பாட்டைக் கம்பும் எப்படியோ கைக்கொண்டிருக்கிறது.

கோயமுத்தூரில் சிறுதானியப் பயிர்களுக்கென்று ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் அவருடைய சகாக்களும் கம்பின் பூப்பைப் பொறுமையுடன் கவனித்து 1933-ம் வருஷத்தில் எழுதி வெளியிட்டார்கள். எந்தப் பூ எப்போது விரிகிறது, தாது எப்போது சிந்துகிறது என்று கதிரின் பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன லாபம் என்று அந்தக் காலத்தில் யாரேனும் கேட்டிருக்கலாம். லாபம் பின்னால் வந்தது. பெண் பாகம் முந்திக்கொள்ளும் இந்த இடைவெளியை உபயோகித்து, இரண்டு ரகக் கம்பை ஒரே வயலில் கலந்து விதைத்துத் தாமாகவே கலப்பு விதை உண்டாகும்படி செய்ய முடிந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ராஜ்யத்தில் வெளிவந்த 'எக்ஸ்' வரிசைக் கம்புகள் இந்த வழியில் பிறந்தவை.

ஆனால் திறந்த கதவு யாருக்கும் திறந்த கதவுதான். கலப்புக்கு உதவுகிற அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளி காளானுக்கும் உதவுகிறது.

நடப்பது இதுதான். பழைய கதிர்களிலிருந்து நிலத்தில் விழுந்து கிடக்கும் காளான் கட்டிகள் மழை ஈரத்தில் முளைக்கின்றன. அவற்றிலிருந்து எழும் நுண்ணிய வித்துக்கள் காற்றில் ஏறி, காத்திருக்கும் சூல்முடியின்மேல் வந்து படிகின்றன. மகரந்தத் தூள் எப்படி ஒரு குழாயை நீட்டிச் சூல்முடிக்குள் இறங்கிச் சூற்பையை அடைகிறதோ, ஏறத்தாழ அப்படியே காளான் வித்தும் ஓர் இழையை நீட்டி இறங்குகிறது. மாப்பிள்ளை வர வேண்டிய பாதையில் அவன் உடுப்பையே மாட்டிக்கொண்டு திருடன் வருவது போல! சூற்பையை அடைந்ததும் அதைத் தின்று தானே அந்த இடத்தில் வளர்கிறது. ஒரு வாரத்திற்குள் பூவிலிருந்து பிசுபிசுப்பான, இளஞ்சிவப்பு அல்லது தேன் நிறமான திரவம் துளித் துளியாய்க் கசிந்து இலைமேலும் தரைமேலும் வடியும். இந்தத் துளி ஒவ்வொன்றிலும் கணக்கில்லாத வித்துக்கள். ஈக்களும் எறும்புகளும் தித்திப்புக்காக மொய்த்து, காலில் ஒட்டியதை அடுத்த கதிருக்குக் கொண்டுபோகும். மழைச் சாரலும் அதே வேலையைச் செய்யும். மேலும் இரண்டு மூன்று வாரம் கழிந்தால் தேன் நின்றுவிடும். மணி இருக்க வேண்டிய இடத்தில் உமிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கரும்பழுப்பான கெட்டிக் கட்டி ஒன்று நிற்கும். அது நிலத்தில் விழுந்து அடுத்த வருஷத்து மழைக்குக் காத்திருக்கும். அல்லது தானியத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வரும்.

இந்தப் பந்தயத்தில் மகரந்தம் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? கதையின் மிகவும் ருசிகரமான பாகம் இதுவே. தாது வந்து சேர்ந்த சில மணி நேரத்திற்குள் சூல்முடியின் அடிப்பாகம் இறுகிச் சுருங்கிவிடுகிறது, மேற்பாகம் வாடிப்போகிறது. கருவுற்ற பூ தன் வாசலைத் தானே அடைத்துத் தாளிட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம். அப்புறம் எத்தனை காளான் வித்து வந்து விழுந்தாலும் உள்ளே போக வழியில்லை. வில்லிங்கேல், மான்டில் என்ற இரு விஞ்ஞானிகள் 1985-ல் இந்தச் சுருக்கத்தைப் பற்றி விவரமாக எழுதினார்கள். அதற்கு முன்பே, 1972-ல் ஹைதராபாதுக்கு அருகில் பட்டாஞ்சேருவில் ஏற்பட்ட 'இக்ரிசாட்' என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில், தாகூர், வில்லியம்ஸ் ஆகியோர் மகரந்தம் முந்திச் சேர்ந்த கதிரில் நோய் மிகக் குறைவு என்பதைச் சோதித்து 1980-ல் வெளியிட்டிருந்தார்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து, பக்கத்து வயலிலிருந்து காற்றில் இனாமாக வருகிறது!

மேல்நாட்டில் இதற்கு ஒரு தூரத்துச் சகோதரன் உண்டு. குளிர் தேசங்களில் மாட்டுக்கென்றே பயிரிடும் சிவப்புக் குளோவர் என்ற செடி, நம் குதிரை மசால் சேர்ந்த அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூவில் ஒரு காளான் மகரந்தப் பைக்குள்ளேயே குடியேறி, தாதுவுக்குப் பதில் சாம்பல் நிறமான தன் வித்துத் தூளை நிரப்பிவிடுகிறது. பான்டார்ட்ஸெவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி 1913-ல் அதற்குப் பெயரிட்டார். தேனீக்கள் மகரந்தம் என்று எண்ணி அந்தச் சாம்பலைச் சுமந்து அடுத்த பூவில் சேர்க்கும். பூவிலிருந்து விதைக்கும், விதையிலிருந்து அடுத்த செடிக்கும் நோய் போகும். செடியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தீவனத்திற்கும் பெரிய பழுதில்லை. விதை மாத்திரம் குறையும். இதனோடு ஒப்பிட்டால் நம் கம்புக் காளான் மகா துஷ்டன். அது மகரந்தத்தைத் தொடுவதில்லை. மகரந்தத்தின் வழியைக் களவாடி, விளைந்த தானியத்தில் விஷத்தையும் வைத்துவிட்டுப் போகிறது.

நம் தேசத்துச் சரித்திரத்திற்கு வருவோம். சோளத்தில் வரும் இதே இனத்துக் காளானுக்கு, சென்னை மாகாணத்துக் காளான் நிபுணராயிருந்த மக்ரே என்பவர் 1917-ல் பெயரிட்டு எழுதினார். 1945-ல் கே. எம். தாமஸ், டி. எஸ். ராமகிருஷ்ணன், கே. வி. சீனிவாசன் மூவரும் தென்னிந்தியாவில் எர்காட் இயற்கையாகவே உண்டாவதைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்காலத்தில் எர்காட் என்றால் வைத்தியர்களுக்கு வேண்டிய சரக்கு. பிரசவத்திற்குப் பின் உதிரப் பெருக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் என்ற மருந்து 1935-ல் அதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. நீலகிரியில் ரை தானியத்தை விதைத்து அதன்மேல் வேண்டுமென்றே காளானை ஏற்றி வளர்த்ததும் உண்டு. விஷமும் மருந்தும் ஒரே கட்டியில் இருப்பது நம் சித்த வைத்தியர்களுக்கு ஆச்சரியமாயிராது.

ரையில் வரும் எர்காட்டும் கம்பில் வருவதும் ஒன்றல்ல. மத்திய கால ஐரோப்பாவில் ரை ரொட்டி தின்றவர்களுக்குக் கைகால் கருகி விழும் 'அந்தோணியார் தீ' என்ற நோய் கண்டது. கம்புக் காளானிலுள்ள விஷங்கள் கிளேவின் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை, கைகாலைக் கருக்குவதில்லை. ஆனால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், நீங்காத தூக்க மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். 1956-ல் அப்போதைய பம்பாய் ராஜ்யத்தில் சத்தாரா பக்கத்துக் கம்பில் இந்நோய் கடுமையாகப் பரவிற்று. அதைத் தொடர்ந்து ஜனங்கள் நோய்ப்பட்டதாகவும் வைத்தியர்கள் எழுதினார்கள். 1975-ல் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் கம்பு ரொட்டி தின்றவர்கள் வாந்தியும் மயக்கமுமாய்ப் படுத்தபோது, ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, பட் இருவரும் விசாரித்து, காரணம் எர்காட் கலந்த கம்பே என்று நிச்சயித்தார்கள்.

கால்நடைகளின் சங்கதி இன்னும் வருந்தத்தக்கது. அவற்றால் வாய் திறந்து சொல்ல முடியாதல்லவா? 1959-ல், இன்று ஜிம்பாப்வே என்று வழங்கும் தெற்கு ரொடீஷியாவில், காளான் கட்டி கலந்த கம்பைத் தின்ற தாய்ப் பன்றிகளுக்குப் பால் வற்றிக் குட்டிகள் பட்டினி கிடந்ததைக் கண்டு எழுதினார்கள். சோளத்து எர்காட் 1996-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தோன்றிப் பரவியபோது அங்கேயும் பன்றிகளும் கறவைப் பசுக்களும் பாலில் குறைந்தன. 1995-ல் பிரேஸில், 1996-ல் ஆஸ்திரேலியா, 1997-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று மூன்றே வருஷத்தில் அந்தக் காளான் சமுத்திரங்களைக் கடந்தது. அதற்கு முன் ஆசியா, ஆப்பிரிக்கா கண்டங்களோடு அது அடங்கிக் கிடந்தது. தேன் துளியின் மேற்பரப்பிலிருந்தே காற்றில் பறக்கக்கூடிய இரண்டாம் வகை வித்துக்களை அது உண்டாக்க வல்லது என்று தெரிந்த பிறகு இந்த வேகத்தின் ரகசியம் ஒருவாறு விளங்கியது.

இனி விஷயத்தின் சாரத்திற்கு வருவோம். எத்தனையோ தலைமுறையாக நம் நாட்டில் கம்பு விளைந்துவந்திருக்கிறது. அப்போதும் மேகமூட்டம் இருந்தது, காளானும் இருந்தது. அப்படியிருக்க, அறுபதுகளுக்குப் பிறகு இது பெரிய நோயாகத் தலையெடுத்ததேன்?

1965-ல் லூதியானாவில் டி. எஸ். அத்வால் என்ற நிபுணர் எச்.பி. 1 என்னும் வீரிய ஒட்டுக் கம்பை வெளியிட்டார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் கிளென் பர்ட்டன் உண்டாக்கிய, மகரந்தமே இல்லாத 'டிப்ட் 23ஏ' என்ற பெண் ரகத்தைக் கொண்டு பிறந்தது அது. விளைச்சலில் பழைய நாட்டுக் கம்பை அது தூக்கி அடித்தது. பசி மிகுந்திருந்த வருஷங்களில் அது செய்த உபகாரத்தைச் சிறிதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் செடியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே நாளில் சூல்முடி நீட்டும். வயல் முழுவதும் பெண் பாகம் திறந்து நிற்கையில், தாது கொடுக்க முந்திப் பூத்த கதிர் ஒன்றுகூட இராது. மகரந்தப் பைகள் வெளிவருவதற்குள் அந்த இரண்டு மூன்று நாளும் காளானுடையவை. விதைப் பண்ணையிலோ இன்னும் மோசம். அங்கே பெண் வரிசைகளுக்குச் சொந்தத் தாதுவே கிடையாது. பக்கத்து ஆண் வரிசை ஒரு நாள் பிந்திப் பூத்தாலும் போயிற்று. எச்.பி. 1-ஐ வீழ்த்தியதில் அடிச்சாம்பல் நோய்க்கே பெரும் பங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எர்காட் அதற்குத் துணை போயிற்று.

நாட்டுக் கம்பு வயலை நினைத்துப் பாருங்கள். விதை, போன வருஷத்துக் களத்திலிருந்து எடுத்துக் குதிரில் வைத்தது. நெட்டையும் குட்டையும் கலந்திருக்கும். ஒன்று இன்று பூக்கும், ஒன்று நாலு நாள் கழித்துப் பூக்கும். விவசாயப் பரீட்சையில் தேறியவர் பார்த்தால், "ஒழுங்கே இல்லையே!" என்பார். ஆனால் அந்த ஒழுங்கின்மையால் வயலின்மேல் எந்நேரமும் ஏதாவதொரு கதிரின் தாது மிதந்துகொண்டேயிருந்தது. காத்திருக்கும் சூல்முடி வெகு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. மகரந்தம் முந்தியது, கதவு சாத்தியது.

பட்டாஞ்சேரு நிபுணர்கள் 1983-ல் எழுதிய ஓர் ஆராய்ச்சி இந்தப் பழைய தத்துவத்தையே புதிய கணக்கோடு திருப்பிச் சொல்லுகிறது. வீரிய ஒட்டுக் கம்பின் நடுவே, சில நாள் முந்திப் பூக்கும் வேறொரு ரகத்தை வரிசை போட்டு விதைத்தார்கள். ஒட்டுக் கம்பின் சூல்முடி வெளிவரும் நேரத்தில் அந்த ரகம் தாதுவைச் சிந்திக்கொண்டிருந்தது. நோய் குறைந்தது, மணி கூடிற்று. இதற்கு அவர்கள் சூட்டிய பெயரைத் தமிழில் 'மகரந்த நிர்வாகம்' என்று சொல்லலாம். ஊடே பாசிப்பயறு விதைத்தாலும் நோய்ப் பரவல் குறைகிறதென்று சோதனைகள் உண்டு. கம்போடு பயறு கலந்து விதைப்பது கரிசல் காட்டுக்குப் புதிய பாடமல்ல.

சோளத்தைத் தீவனமாக வளர்ப்பவருக்கு மாத்திரம் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. கம்பைப் பூவெடுக்கும் முன்பே பசுந்தீவனமாக அறுத்துவிடலாம். அப்போது இந்தக் காளானுக்கு வேலையே இல்லை. பூக்காமலே அறுபடும் கம்பு நேப்பியர் புல்லுக்கும் கவலை இல்லை. ஆனால் இளஞ்சோளத்தில், அதிலும் மழையின்றி வாடிய இளஞ்சோளத்தில், ஹைட்ரோசயானிக் அமிலம் என்ற கொடிய விஷம் உண்டு. அதைத் தின்ற மாடு கண்ணெதிரே விழுந்து சாகும். அதனால்தான் சோளம் பாதிக்கு மேல் பூத்த பிறகே அறுக்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். இருங்கு சோளமானாலும், 2001-ல் வெளிவந்த கோ.எப்.எஸ். 29 என்ற பலதடவை அறுக்கும் தீவனச் சோளமானாலும், விதி இதுவே. முன்னே போனால் அமிலம். வெகு நாள் பின்னே போனால், மந்தாரம் பிடித்த வருஷத்தில், தேன் ஒழுகும் கதிர். பூத்தவுடன் காலந்தாழ்த்தாமல் அறுப்பதே உசிதம். சோளத்தில் ஒழுகும் தேன்மேல் வேறொரு கரிய பூசணம் படர்ந்து கதிரையே கரிக்கட்டைபோல் ஆக்கிவிடும். அப்படிப்பட்ட கதிரைக் கண்டால் தட்டையோடு சேர்த்துப் படப்பில் ஏற்றாமல், கதிரை மட்டும் கிள்ளித் தனியே கொளுத்திவிட வேண்டும்.

வரப்போரத்துக் கொழுக்கட்டைப் புல்லையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது அருமையான மேய்ச்சல்தான். ஆனால் கம்புக் காளான் கம்பு இல்லாத காலத்தில் தங்கும் சத்திரங்களுள் அதுவும் ஒன்று. கம்பு கதிர் விடுவதற்கு முன்னால் வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டால், மாட்டுக்கும் வயிறு நிறையும், சத்திரமும் காலியாகும். கோடை உழவு ஆழமாக உழுதால் நிலத்தில் கிடக்கும் கட்டிகள் முளைக்க மாட்டாத ஆழத்தில் புதைந்துபோகும்.

வீட்டில் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. நம் நாட்டு உணவுச் சட்டம் தானியத்தில் எர்காட் நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கடையில் வாங்கும் கம்பை யார் நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் விதைக்கென்று எடுத்துவைத்த கம்பை உப்பு ஜலத்தில் போட்டுப் பார்ப்பது எளிது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாப்பாட்டு உப்பைக் கரைத்து, அதில் கம்பைக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்க வேண்டும். நல்ல மணி கீழே படியும். காளான் கட்டியும் சாவியும் மேலே மிதக்கும். மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு, உப்புப் போக இரண்டு மூன்று தடவை நல்ல ஜலத்தில் அலசி நிழலில் உலர்த்தலாம். கஞ்சிக்கும் களிக்கும் வைத்திருக்கும் கம்பில் கருங்கட்டிகள் தென்பட்டாலும் இப்படியே செய்யலாம். கட்டி ஏராளமாயிருந்தால் அந்தக் கம்பை அடுப்பில் ஏற்றாமலிருப்பதே நலம். வழித்தெடுத்ததைக் கோழிக்கு இறைக்கவும் கூடாது, மாட்டுத் தொட்டியில் கொட்டவும் கூடாது, குப்பைக் குழியில் போட்டால் எருவோடு மறுபடியும் வயலுக்கே போகும். ஆகையால் அடுப்பு நெருப்பில் போட்டுவிட வேண்டியதுதான்.